ஓடைக்கு அக்கரையில் நின்ற மதினிக்கு

என் தவமணி மதினி,

உங்க கோமு எழுதுறேன். இத்தனை வருஷமா உங்களோடு மனசுக்குள்ளேயே பேசிப் பேசி ஓய்ஞ்சுட்டேன். நேத்து நடந்ததை மனசுக்குள் வச்சுக்கிட முடியலை, அதான் எழுதுறேன்.

உங்க மகள் பூரணி நேத்து செண்பகத்தோப்புக் காட்டில் கயிற்றில் தொங்கிக்கிட்டு ஓடையைத் தாண்டினாள், மதினி. இந்தக் கரையில் ஒரு மருதமரம், அந்தக் கரையில் ஒரு மருதமரம், நடுவில் மரக்கிளைகளுக்கு ஊடே ஒரு கயிறு. இடுப்பில் வாரைக் கட்டி, கயிற்றில் ஓடுகிற சக்கரத்தில் கொக்கியை மாட்டி, மேலே இருந்து தள்ளிவிட்டாங்க. கீழே நின்ன எனக்கு உயிரே இல்லை.

அவள் படிக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் மலையேற்ற முகாம் போட்டிருந்தாங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் இருந்துதான் அவள் படிக்கிறாள். அண்ணனிடம் கேட்காமல் அனுப்ப எனக்கு மனசில்லை. ராஜபாளையத்துக்குப் போய்ச் சொன்னேன். பஞ்சு குடோனில் இருந்து அப்பத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். கயிறுன்னு சொன்னதும் தட்டில் வச்ச கையை எடுத்துட்டார்.

"மலைப்பக்கம் அவ காலு படக்கூடாது கோமதி. மீறி நீ அனுப்புனா, பொறவு இந்த வீட்டுப் பக்கம் வராத."

உங்களுக்குத் தெரியாது மதினி, நீங்க போனதுக்கு அப்புறம் அண்ணன் மேற்கே முகம் வச்சு உட்கார்ந்ததே இல்லை. வீட்டில் மலை தெரிகிற ஜன்னலைப் பலகை வச்சு அடைச்சுட்டார். பதினாலு வயசுப் பிள்ளை, லீவுக்கு அங்கே போனால் மலையைப் பார்க்கணும்னாகூட முதலில் அப்பா முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கலை. இப்படியே பயத்தை உண்டு பயத்தை உடுத்தி வளர்றதுக்கா அவளை அன்னைக்குக் கீழே கொண்டுவந்தோம்? போன்னு சொல்லி அனுப்பிட்டேன். அனுப்பிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு நானும் போனேன்.

பிள்ளைகளைக் கூட்டிவந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஒவ்வொரு பிள்ளையாக் கட்டி அனுப்பினார். வன்னியம்பட்டியில் இருந்து வர்ற ஒரு பிள்ளை மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடவேமாட்டேன்னுட்டாள். இன்னொருத்தி கண்ணை இறுக்க மூடிக்கிட்டே போய், அந்தக் கரையில் இறக்கிவிட்ட பிறகும் திறக்கலை. ஒருத்தி நடுவில் நின்னுபோய், காலை உதறி உதறி அழுதாள். அவளே கரையேறினதும் "சார், இன்னொரு தரம் போவட்டா?"ன்னு கேட்டாள். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அடுத்து பூரணி ஏணியில் ஏறிக்கிட்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் அவரிடம், "சார், அவ மட்டும் வேண்டாம் சார், இறக்கிருங்க"ன்னேன். கத்தினேன்னுதான் சொல்லணும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அம்மா, கயிறு என் பொறுப்பு"ன்னார். அதற்குள் சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டுட்டு. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துட்டேன். அந்தச் சத்தம் ஒண்ணு போதும் மதினி. நான் செண்பகத்தோப்பில் இல்லை. மலை மேலே நம்ம ஏலக்காய் எஸ்டேட்டில், கொட்டுற மழையில், உங்க முன்னால் நிற்கிறேன்.

பள்ளிப் படிப்பு முடிஞ்சு, கைப்பிள்ளைக்காரிக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு அம்மா என்னை மலைக்கு அனுப்பியிருந்தாங்க. அண்ணன் அங்கே சூப்பர்வைசர். அரிசி, சாமான் வாங்க அண்ணன் ராஜபாளையத்துக்கு இறங்கின அன்னைக்கே பிடிச்ச மழை. ஜீப் பாதை சரிஞ்சு போச்சு. போன் கம்பி அறுந்து போச்சு. நடைபாதையில் ஓடை பெருகி ஆள் இறங்க முடியலை. அந்த நேரம் பார்த்துத்தானா பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறணும்? ஒன்றரை வயசு. விழி மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சே. நீங்க அவளை மாரோடு அணைச்சுக்கிட்டு மழையிலேயே ரோப் ஓட்டுற விஞ்சு ஷெட்டுக்கு ஓடினீங்க. நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

ஏலக்காய் மூட்டையைக் கீழே அனுப்புறதுக்குப் போட்ட இரும்பு ரோப் அது. அதில் ஒரு தொட்டி தொங்கும். மனுஷரை ஏத்துறதில்லை. விஞ்சு ஓட்டுற மாடசாமி அண்ணாச்சி முதலில் மாட்டவே மாட்டேன்னார். நீங்க அவர் காலைப் பிடிக்கக் குனிஞ்சீங்க. அதுக்கு மேலே அவரால் தாங்க முடியலை.

"தாயி, உள்ளதைச் சொல்லுதேன். ரோப்புல இழை விட்டிருக்கு. எடை தாங்காது. ஒரு ஆளும் பிள்ளையும்தான் போவலாம். பிரேக்கைப் பிடிச்சு எறக்கிருவேன். திரும்ப ஏத்த டீசல் கிடையாது."

நீங்க உங்க உடம்பை ஒரு தரம் குனிஞ்சு பார்த்தீங்க. பிறகு என்னைப் பார்த்தீங்க. அந்தப் பார்வையை எத்தனை ராத்திரி நினைச்சு அழுதிருக்கேன் தெரியுமா?

"ஏட்டி கோமு, நீதான் எலும்பும் தோலுமா இருக்க. ஏறு."

"நானா? மதினி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. ஏறுட்டி."

உங்க சேலை முந்தானையைக் கிழிச்சு, பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினீங்க. முடிச்சு போடுறப்ப உங்க விரல் பட்டது இப்பவும் என் முதுகில் இருக்கு. "கீழ அவிய இருப்பாவ. பிள்ளைய அவிய கையில குடுத்துரு. ஓடை வடிஞ்சதும் நான் நடந்து வாரேன்"னீங்க. பூரணி நெற்றியில் முத்தம் கொடுத்தீங்க. அப்படியே என் நெற்றியிலும் கொடுத்தீங்க.

தொட்டி ஷெட்டை விட்டு நகர்ந்ததும் காலுக்குக் கீழே ஒண்ணுமே இல்லை மதினி. அதுவரைக்கும் மரங்களை அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். அன்னைக்கு அதுகளோட உச்சந்தலையைப் பார்த்தேன். காடு முழுக்கப் பச்சைப் பச்சையாக் கொந்தளிச்சுக்கிட்டு இருந்தது. மேகம் மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. ஒரு மந்தி கிளையில் குட்டியைக் கட்டிக்கிட்டு நனைஞ்சபடி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் இருந்தோம்.

பாதி வழியில் தொட்டி நின்னுட்டு. கீழே பள்ளத்தில் தண்ணி உறுமுது, மேலே ரோப் கிரீச்சுன்னு முனகுது. பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்து, பிறகு ஒரேயடியா அடங்கிட்டு. மூக்கில் கை வச்சுப் பார்த்தால், அடிச்ச காற்றில் மூச்சு வருதான்னே தெரியலை. செத்துட்டாள்னே நினைச்சேன். "ஏ சாமி, இவளை விட்டுட்டு என்னை எடுத்துக்கோ"ன்னு கத்தினேன். அந்தக் காட்டில் கேட்க யார் இருக்கா? மழைத் தண்ணியில் என் தாவணியை நனைச்சு அவள் தலையில் போட்டேன். உள்ளங்காலைத் தேய்ச்சேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திடீர்னு சிணுங்கினாள். அந்தச் சிணுங்கலைக் கேட்டு நான் அழுத அழுகையில் தொட்டி மறுபடி ஓட ஆரம்பிச்சதைக்கூட கவனிக்கலை.

கீழ் ஷெட்டுக் காவல்காரர் எங்களைத் தூக்கி இறக்கினார். மாந்தோப்பு வழியா ஓடி, ஒரு மாட்டுவண்டி கிடைச்சு, ரோட்டில் லாரி கிடைச்சு, ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தகவல் கேட்டு அண்ணன் அங்கே ஓடிவந்தார். விடிஞ்சு வெயில் ஏறுறப்போ காய்ச்சல் இறங்கிட்டு மதினி! டாக்டரம்மா, "இனிமே பயமில்லை, பால் குடுங்க"ன்னு சொன்னாங்க. அண்ணன் அதைக் கேட்டதும், "அவட்ட போய்ச் சொல்லணும்"னு செருப்பைக்கூட மாட்டாமல் மலைக்குக் கிளம்பிட்டார்.

நீங்க அங்கே காத்திருந்திருக்கக்கூடாதா? இன்னும் செத்த நேரம் பொறுத்திருக்கக்கூடாதா? இந்தக் கேள்வியை நான் கேட்கிறதே பாவம். பிள்ளை இருக்கா இல்லையான்னு தெரியாமல் ஒரு ராத்திரியைக் கழிச்ச தாயிடம் பொறுமையைப் பற்றிப் பேச நான் யார்?

மழை வெறிச்சதும் எஸ்டேட்டுப் பெண்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு நீங்க நடந்து இறங்கினீங்க. அண்ணன் இந்தக் கரைக்கு வந்தப்போ நீங்க அந்தக் கரைக்கு வந்துட்டீங்க. நடுவில் ஓடை. அண்ணன், "புள்ள பிழைச்சுட்டா தவமணி, புள்ள பிழைச்சுட்டா!"ன்னு கத்தியிருக்கார். தண்ணி இரைச்சலில் ஒரு சொல்கூட அந்தப் பக்கம் போகலை. வராதே, வராதேன்னு ரெண்டு கையையும் வீசியிருக்கார். உங்களைக் கண்டுட்ட சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துட்டு. தலையில் கை வச்சு அழுதாராம்.

கூட வந்த பெண்கள்தான் பிறகு சொன்னாங்க. நீங்க அவரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "அவிய அழுதாவ. எம்புள்ள போயிட்டா"ன்னீங்களாம். அவங்க ரெண்டு பேரும் பிடிச்சும் உதறிட்டு இறங்கிட்டீங்களாம்.

இதுதான் மதினி எங்களால் தாங்க முடியாதது. வெள்ளம் கொண்டுபோனதை ஆத்திக்கிடலாம். பிள்ளை செத்துட்டாள்னு நினைச்சுக்கிட்டே நீங்க போனதை எப்படி ஆத்த? ஆனந்தமா அழுத மனுஷனை நீங்க வேறு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டீங்களே. அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டதில் இருந்து அண்ணன் அழுததே இல்லை. உங்களை எடுத்துட்டு வந்தப்பவும் அழலை, கொள்ளி வச்சப்பவும் அழலை. "நான் அழாம இருந்திருந்தா அவ நின்னிருப்பா"ன்னு ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். அதோடு சரி.

நேத்து பூரணி அந்தக் கரையில் இறங்கி, மரப்பாலம் சுற்றி என்னிடம் ஓடிவந்தாள். கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது. "அத்தை, மேல இருந்து பார்த்தா மரமெல்லாம் மெத்தை மாதிரி இருக்கு. ஒரு பெரிய அணில், வாலு எம்புட்டு நீளம்! என் பக்கத்திலேயே தாவுச்சு. பயத்துல முதல்ல மூச்சே வரல. பொறவு கத்தினேன் பாரு, கேட்டுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து நின்னுட்டாள்.

"ஏன் அத்தை அழுத?"

அம்மாவை வெள்ளம் கொண்டுபோச்சுன்னு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஓடைக்கரைப் பாறையில் உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். தொட்டியில் வந்ததை, அண்ணன் அழுததை, நீங்க சொன்ன அந்தக் கடைசிச் சொல்லை. சொல்லச் சொல்ல எனக்கே பயம். பிள்ளை நெஞ்சில் கல்லைத் தூக்கி வைக்கிறேனோன்னு நினைச்சேன். அவள் அழுதாள். என் மடியில் முகத்தைப் புதைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதாள். மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போயிட்டாங்க. பிறகு மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாள்.

"அத்தை, நான் பிழைச்சுட்டேன்னு அப்பா சொன்னது அம்மாவுக்குக் கேட்டிருந்தா, அம்மா அந்தக் கரையிலேயே நின்னிருப்பாளா?"

கேட்டுட்டு அவளே சொன்னாள்.

"நின்னிருக்க மாட்டா அத்தை. என்னப் பார்க்கணும்னு இன்னும் வேகமா இறங்கியிருப்பா. அப்பா அழுததுக்காக இறங்கல. எனக்காக இறங்கினா."

மதினி, இத்தனை வருஷத்தில் எனக்கும் அண்ணனுக்கும் இது தோணவே இல்லையே. நாங்க அந்த இரைச்சலையே கேட்டுக்கிட்டுக் கிடந்தோம், அந்த அழுகையையே பார்த்துக்கிட்டு இருந்தோம். நீங்க எப்படிப்பட்டவங்கன்னு நினைச்சுப் பார்க்க மறந்துட்டோம். உங்க கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கின ஞாபகம்கூட இல்லாத பிள்ளை, உங்களை எங்களைவிட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கா.

உண்மையா இருக்குமா? நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லமாட்டீங்க. அந்தக் கடைசி நிமிஷத்தில் உங்களுக்கு இருந்த வேதனை இதனால் ஒரு துளியும் குறையாதுன்னு எனக்குத் தெரியும். அதை நினைச்சால் இப்பவும் சுவரில் தலையை முட்டிக்கிடலாம்போல இருக்கு. ஆனாலும் அண்ணன் இன்னும் உயிரோடு இருக்கார் மதினி. அவருக்கு இது வேணும்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் பூரணியைக் கூட்டிக்கிட்டு ராஜபாளையம் போறேன். அண்ணன் வரச்சொல்லலை, வரக்கூடாதுன்னுதான் சொன்னார். சொல்லட்டும். அவள் வாயாலேயே அவரிடம் இதைச் சொல்ல வைக்கிறேன். ஏசினாலும் எழுந்திரிக்கமாட்டேன். உங்க வீட்டுக்காரரை ஒரு தரமாவது வாய்விட்டு அழ வைக்காமல் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பமாட்டேன், மதினி. இது உங்க மேல சத்தியம்.

உங்க பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கிட்டு வந்த
உங்க நாத்தனார்,
கோமு