ஒரே முறத்துல கொட்டின கல்பாசி

மாமாவுக்கு பூங்காவனம் கும்புட்டுச் சொல்ல, பக்கத்து வீட்டு தர்ஷினி எழுதறது. முழங்கால் வலி தேவலையா?

நான் கூட்டற ஆபீசுல செடிகொடிய காயவெச்சு உறையில போட்டு, எந்தக் காட்டுல எடுத்ததுன்னு மேல எழுதி வெப்பாங்க. நம்ம கோழிக்கொழம்புல போடற கல்பாசிகூட இருக்கு மாமா! அதுல பூச்சி வந்துருச்சேன்னு, மொளகா காயவெக்கிற மாதிரி எல்லா கல்பாசி உறையையும் பிரிச்சு ஒரே முறத்துல கொட்டி வெயில்ல வெச்சுட்டேன்.

அந்த உறையெல்லாம் பாத்துக்கற பாகீரதி மேடம் திட்டல. "இதுல சிலது எடுத்த காடே இப்ப இல்ல, பூங்காவனம். எங்க எடுத்ததுன்னு தெரியலன்னா இது வெறும் மசாலா சாமான்"ன்னாங்க. ஒவ்வொண்ணா எடுத்து, "இது எந்த உறை?"ங்கறாங்க. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

நீங்க கவலப்படாதீங்க. யாராச்சும் இங்க வந்தா என் பழைய போர்வைய குடுத்தனுப்புங்க. வேலைக்கு நேரமாச்சு. இன்னிக்கும் மேடம் முறத்தோட உக்காந்திருப்பாங்க, நான் பக்கத்துல நிக்கணும்.