ஆள்காட்டி

ஸ்ரீரங்கம்
4.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மகாலட்சுமி எழுதுவது. நான் நலம். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. போனில் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடிகிறது. காகிதத்திலாவது முழுசாகப் பேசலாம் என்று எழுதுகிறேன்.

புது ஆஸ்பத்திரி பழகிவிட்டது. இந்த மாடி அறைதான் பழகவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியும் புறாவும்தான். டியூட்டி இல்லாத நேற்று கொள்ளிடக் கரைக்குப் போனேன். மணல்திட்டில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. பார்க்கும்போதே நம் வீட்டு ஞாபகம் வந்து, அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவதை எழுதுங்கள். நாலு குஞ்சோடு வருமே அந்த மயில், இன்னும் வருகிறதா? மக்காச்சோளம் முளைவிடும் நேரம். உங்கள் அண்ணன் விஷம் வைக்கப்போவதாகப் போன வருஷமே சொன்னார். நினைத்தால் திக்கென்கிறது.

டிரான்ஸ்பர் வந்தபோது ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை, கட்டிய புருஷன் நீங்கள் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள்
மகா


உப்பிலியபுரம்
10.10.2024

அன்புள்ள மகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி கதவைத் திறந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கீரி வைக்கோல் போருக்குள் நுழைந்தது. செம்போத்து வேலியில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தது. ஆள்காட்டிக் குருவி ஜோடி என்னைக் கண்டாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. என் நிலத்தில் நான் நடக்க அதற்கென்ன கோபம்?

உன் மயில் வருகிறது. மூன்று குஞ்சுகள் தாயை ஒட்டியே கொத்துகின்றன. ஒன்று மட்டும் வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு தனியே போய்விட்டு, அப்புறம் பதறி ஓடி வருகிறது. டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஆனால் வரப்போர முளையையெல்லாம் தோண்டித் தின்றுவிட்டன. அண்ணனுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். "மயிலுக்குச் சட்டம் இருக்கு, எனக்கு என்னடா இருக்கு?" என்று கத்துகிறார். மருந்து வாங்கி வைத்துவிட்டார். நான் பேசிக்கொள்கிறேன். நீ யாரிடமும் வாய் திறக்காதே. கிணறு பங்கு, மோட்டார் அவர் பொறுப்பில் இருக்கிறது. உனக்குத் தெரியாததா?

‘போகாதே’ என்று சொன்னால் நின்றிருப்பாயா?

கலையரசன்


ஸ்ரீரங்கம்
17.10.2024

மாமாவுக்கு,

‘மருந்து வாங்கி வைத்துவிட்டார்’ என்று எழுதிவிட்டு நீங்கள் எப்படித் தூங்கினீர்கள்? எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருந்து குடித்து வருகிறவர்களை வார்டில் பார்க்கிறவள் நான். அந்த நெடி எனக்குத் தெரியும். அந்த வரப்பில் மயில் மட்டுமா வருகிறது, ஆடு மாடு மேயவில்லையா?

நீங்கள் பேசுவீர்கள். நாளைக்கு, இல்லாவிட்டால் நாளன்றைக்கு. உங்கள் அண்ணன் முன்னால் நீங்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இன்று காலை வனத்துறைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

திட்டுவதானால் எழுதித் திட்டுங்கள்.

மகா


உப்பிலியபுரம்
21.10.2024

மகா,

வியாழன் மாலை அண்ணன் மக்காச்சோளத்தில் மருந்தைக் கலந்து வரப்பில் தூவியிருக்கிறார். வெள்ளி காலை நான் கதவைத் திறந்தபோது தாய் மயிலும் இன்னொரு பெட்டையும் செத்துக் கிடந்தன. குஞ்சுகள் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடின. அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குஞ்சு இருக்கறது எனக்குத் தெரியாதுடா" என்றார்.

"அள்ளுங்கண்ணே, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டு பேரும் குனிந்து மருந்து கலந்த சோளத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஜீப் வந்தது. சாக்கு என் கையில் இருந்தது. அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது என்னோடது சார். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அவன் தடுக்கத்தான் வந்தான்."

அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரிமாண்ட் ஆகிவிட்டது.

இருசம்மாள் அண்ணி தெருவில் நின்று, "எந்த ஆள்காட்டிப் பய சொன்னான்?" என்று மண்ணை வாரித் தூற்றினார். நானும் அண்ணியோடு சேர்ந்து ஊரில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். இன்று மதியம் உன் கடிதம் வந்தது.

திட்டத் தெரியவில்லை. அண்ணியிடம் என்ன சொல்வது? அதை மட்டும் எழுது.

கலையரசன்


ஸ்ரீரங்கம்
25.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். போன் செய்தது தப்பு என்று எழுத எனக்கு வரவில்லை. இரண்டு உயிர் போயிருக்கிறதே. ஆனால் பெரிய மாமா குனிந்து பொறுக்கினார் என்று படித்ததிலிருந்து டியூட்டியிலும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். திறந்துவிட்டீர்கள். அதுதான் என்னை அதிகம் வதைக்கிறது.

இருசம்மாள் அக்காவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் வாயால் நானே சொல்கிறேன். நீங்கள் கூட நிற்க வேண்டாம். நின்றால் நான் உங்களைப் பார்த்துப் பேசுவேன், அக்காவைப் பார்த்துப் பேசமாட்டேன்.

மகா


உப்பிலியபுரம்
20.11.2024

அன்புள்ள மகாவுக்கு,

நீ அண்ணியிடம் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அன்று மாலை அண்ணி வந்தார். அழுது ஓய்ந்த முகம். "அவ போன் பண்ணலேன்னா இன்னும் எவ்வளவோ செத்திருக்கும், இல்ல தம்பி? அப்படின்னு நீ சொன்னா எனக்கு ஆத்திரம் ஆறிடும்" என்றார்.

"இல்லண்ணி. நாங்க அள்ளிக்கிட்டுதான் இருந்தோம்" என்றேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு நல்லதாகப் போயிருக்கும். அண்ணன் ஜெயிலில் இருக்கும்போது அவருக்கு எதிராக ஒரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நீ சொல்லியிருப்பாயா?

திங்கட்கிழமை அவர் ஜாமீனில் வந்தார். இளைத்து, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "அவ இனிமே இந்த ஊர்ப் பக்கம் வரக்கூடாது" என்றார். "அவ வீட்டுக்கு அவ வருவாண்ணே" என்றேன். எழுந்து உள்ளே போனார்.

நேற்றிலிருந்து என் பங்குக்கு அவர் மோட்டார் போடுவதில்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மழையும் ஏமாற்றுகிறது. பயிர் நுனி சுருளத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் வரப்பிலேயே நடந்துகொண்டிருக்கிறேன். குஞ்சுகளில் மூன்று இருக்கின்றன. வேறொரு கூட்டத்தின் பின்னால் தூரத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டம் துரத்துகிறது, இவை விடுவதில்லை.

அடுத்த லீவுக்கு வா. இருட்டிய பிறகு வந்து விடியும் முன் கிளம்புகிற வேலை வேண்டாம். பகல் பஸ்ஸில் வா. அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும். தெரு வழியாகவே நடந்து வா. நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

உன்
கலையரசன்