ராஜுவுக்கு உள்ளி ஆகாது

ஜூன் 12, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ராஜு சோற்றைத் தொடவில்லை. சாக்கிலேயே படுக்கை. ஈறு வெளுப்பு. மூத்திரம் கடுங்காப்பி நிறம்.

ராஜு இவருடைய நாய். கல்யாணத்துக்கு முன் கேரளப் பக்கம் இந்த அமரவிளை வாடகை வீட்டில் இவரும் அவனும் மட்டும். ஓட்டல் சோறு, மீன் தலை. போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து நான் வந்த பிறகு இரண்டு பேருக்கும் என் சமையல். ராஜுவுக்குத் தினமும் எலும்புச் சாறு, வெங்காயமும் பூண்டும் வதக்கிப் போட்டு. சட்டியை நக்கித் துடைப்பான், பாவி.

மாமி குன்னத்துகாலிலிருந்து வந்திருந்தார். நான் அடுக்களையில் இருப்பது தெரிந்தே இவரிடம்: "இத்தன வருசம் ஒரு தும்மல் உண்டா இதுக்கு? புதுச் சமையலாக்கும்." இவர்: "சும்மா இரிங்க அம்மா." அவ்வளவுதான். சுருக்கென்றது.

13, செவ்வாய்
இவர் ராஜுவைப் பாறசாலை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஊசி. டானிக். திரும்பி வந்து, ஆபீசுக்கு ஓடும்போதே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு: "உள்ளி குடுக்கப்பிடாதாம், கேட்டியா? டாக்டர் கண்டிப்பா சொன்னாரு."

பூண்டு முழுவதையும் எடுத்து உயரத் தட்டில் வைத்துவிட்டேன். பூண்டு சூடு, அதனால் இருக்கும். பூண்டு இல்லாமல் சாறு சப்பென்றிருந்தது. சின்ன வெங்காயம் இரண்டு கை கூடப் போட்டேன். குடித்தான்.

15, வியாழன்
மழை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. ராஜு எழுந்தால் கால் தள்ளாடுகிறது.

நாய்க்கு எது ஆகும், எது ஆகாது? கேட்டதில் கிடைத்தவை:
பக்கத்து வீட்டு அக்கா: தேங்காய் ஆகாது.
பால்காரர்: பால் ஆகாது, மோர் ஆகும்.
சர்ச்சில் ஒரு தாத்தா: "நாயி தின்னாதது உண்டா பிள்ளே?"
வாசகசாலையில் ஒரே புத்தகம். மலையாளம். எல்லாம் பசுவைப் பற்றி.
பசுவுக்கு என்றால் ஊரே டாக்டர். நாய்க்கு நாதியில்லை.

17, சனி
இவருக்கு வேலை. நானே ஆட்டோவில் கொண்டு போனேன். மடியில் ராஜு, கனமே இல்லை. டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். ரத்தம் குறைந்துகொண்டே போகிறதாம். என்ன கொடுத்தேன் என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் உள்ளி தொடவே இல்ல சார். வெறும் வெங்காயந்தான்."

பேனாவைக் கீழே வைத்தார். "வெங்காயம் தன்னெயல்லே உள்ளி!"

"எங்க ஊர்ல உள்ளின்னா பூண்டு சார்."

"அது வெளுத்துள்ளி. அதும் கொடுக்கருது."

இரண்டுமே கொடுக்கக் கூடாதாம். வெங்காயம் நாயின் ரத்தத்தையே உடைக்குமாம். வெந்தாலும் போகாதாம். வரும்போது ஆட்டோவில் அழுதேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். ராஜுவின் சாக்கருகில் போய் உட்கார்ந்தார். பிறகு: "உனக்க ஊர்ல உள்ளி எதுன்னு நான் கேக்கல்லியே." அப்புறம்: "அம்மைக்கிட்ட நான் சொல்லுதேன்."

20, செவ்வாய்
வெறும் கஞ்சி, வேகவைத்த மத்தி, உப்பில்லாமல். பாதி தின்றான். மாமிக்கு இவர் இன்னும் சொல்லவில்லை. கேட்டால், "சொல்லுதேன்னேன் இல்லியா."

25, ஞாயிறு
வெயில். துணியெல்லாம் காய்ந்தது. ஈறு லேசாகச் சிவப்பு.

சர்ச் விட்டு வந்தால் வாசலில் ஆட்டோ. மாமி. "நாயை நான் கொண்டு போறேன் மக்கா. அங்க வந்தாவது பிழைக்கட்டு." இவர் செருப்பைக் கழற்றுவதிலேயே மும்முரம். சரி, நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மாமி படியில் கால் வைத்தார். ராஜு சாக்கிலிருந்து எழுந்தான். நான்கு காலில் நேராக நின்று குரைத்தான். எத்தனை நாள் கழித்து!

"எலே ராஜு, அம்மையாக்கும்!" என்றார் இவர்.

நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை.