குச்சி வாங்க வந்தேன்

யக்கா,

போன வாரம் டிவி ரிப்பேர்க்காரர் வந்திருந்தார். எங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவி கொஞ்ச நாளாக எதையும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அவர் முன்னால் பின்னால் பார்த்துவிட்டு, "ஸ்க்ரீன் நல்லாத்தான்க்கா கீது. உள்ள கீற சாப்ட்வேர்தான் பழசாயிட்ச்சு. ஒரு ஸ்டிக்கு சொருவுனா ஓடும். வூட்ல பழசு எதுனா கீதா?" என்று கேட்டார்.

பீரோவைத் திறந்தேன். நீ போனபிறகு உன் மகள் என் கையில் கொடுத்துவிட்டுப் போன பை அப்படியே இருந்தது. உள்ளே அந்த ஸ்டிக், அதன் ரிமோட்டுக்கு நீ போட்ட பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ரப்பர் பேண்ட். முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். நெத்திலிக் கருவாடும் சாம்பிராணியும் கலந்த உன் வீட்டு வாசனை. அவர் கையை நீட்டியபடி நின்றார். "இல்லப்பா, எதுவும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டிவிக்குப் பின்னால் செருகினால் நெட்டில் வரும் படமும் சீரியலும் ஓட்டும் அந்தச் சின்னக் கருவியை நீ ஒரு நாளும் ஸ்டிக் என்று சொன்னதில்லை. உனக்கு அது குச்சி. எங்கள் பழைய டிவிக்கு அதை வாங்கிய புதிதில், உன் டிவியிலும் அதைச் செருகும் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவள் நீதான். எங்கள் வைஃபை எதிரே உன் வீட்டு ஹால் வரைக்கும் எட்டியது. அப்புறம் என்ன, ஒரு குச்சி, இரண்டு வீடு. சாயங்காலம் எங்களுக்கு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வந்து கதவைத் தட்டுவாய். "இன்னாடி, குச்சி கீதா, இல்ல உன் வூட்டுக்காரரு முழுங்கிட்டாரா?" என்பாய். வாங்கினோமா போனோமா என்று என்றைக்காவது போயிருக்கிறாயா? நிலைப்படியில் உட்கார்ந்து, காசிமேட்டில் அன்றைக்கு எந்த மீன் வந்தது, யார் யாரோடு சண்டை, உன் மகள் போனில் என்ன சொன்னாள் என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் குச்சி உன் கைக்குப் போகும்.

காலையில் என் முறை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஷேவ் பண்ணும்போது செய்தி ஓட வேண்டும். தலையில் சீப்பைச் செருகியபடியே வந்து உன் கதவைத் தட்டுவேன். "குச்சி வாங்க வந்தேங்க்கா." நீ காபியைக் கையில் திணிப்பாய். லேட்டாகுது என்று பொய்க்கு முறைத்துக்கொண்டே குடிப்பேன். தினமும் உன் முகத்தில்தான் என் பொழுது விடிந்தது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

ஸ்மார்ட் டிவி வாங்கப் போன அன்று நீயும் கூட வந்தாய். கடைக்காரப் பையன், எல்லாம் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் செருக வேண்டாம் என்று அளந்துகொண்டிருந்தான். நீ என் முந்தானையைப் பிடித்துக் கடை வாசலுக்கு இழுத்து வந்தாய். "கீற டிவி நல்லாத்தானடி கீது. குச்சியே போதும். அல்லாம் ஒண்ணுக்குள்ள வச்சிக்கினா, ஒண்ணு பூட்டா அல்லாமே பூடும்."

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை எழுதவே கை கூசுகிறது. உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். எதிர் வீட்டில் பெரிய டிவி வருவது பிடிக்காமல் பேசுகிறாய் என்று நினைத்தேன். பெரிய மனசோடு சொல்வதுபோல, "குச்சிய நீயே வச்சிக்கோக்கா. இனிமே உன்னுதுதான். அலைய வேணாம்" என்றேன்.

நீ ரோட்டில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு சிரித்தாய். "அப்போ இனிமே கதவத் தட்டாதன்ற." நானும் சிரித்தேன். அது கேள்வி என்று எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரம் இரண்டு தபா வந்தாய். "சொம்மா வந்தேன்" என்று நின்றாய். உட்காரச் சொன்னோம், ஆனால் எங்கள் கண்ணெல்லாம் புது டிவியில். சும்மா வருவது உனக்கு எப்போதுமே கூச்சம். "சொம்மா சொம்மா போனா மரியாத இருக்காதுடி" என்று நீயே சொல்லியிருக்கிறாய். கையில் ஒரு காரணம் இருந்தால்தான் நீ படி ஏறுவாய். அந்தக் காரணத்தைத்தான் நான் உனக்கே தானம் பண்ணிவிட்டேன்.

அப்புறம் உன் கதவுக்கு வெளியே கேட்கும் டிவி சத்தம்தான் எனக்கு நீ. சத்தம் வந்தால் அக்கா நல்லா இருக்கா. அன்று காலையும் வந்தது. லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொள்ளும் என்ற அவசரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். உன் சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். 'காலையிலேயே ஆரம்பிச்சிட்டா' என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினேன். முன்பு மாதிரி இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் உன் வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மத்தியானம் உன் மகள் போன் செய்தாள். "அம்மா எடுக்கவே இல்ல ஆன்ட்டி." நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டு ஆபீஸிலிருந்து ஓடிவந்தேன். நீ கொடுத்து வைத்திருந்த சாவியால்தான் திறந்தேன். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாய். மூச்சு இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டிவியில் சத்தம் நின்றிருந்தது. யாரும் ரிமோட்டைத் தொடாததால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று திரையில் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது. அந்தக் குச்சிக்குக்கூட உன்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். "கடைசியா இவங்க நல்லா இருந்ததை எப்ப பாத்தீங்க? நேரம் தெரிஞ்சாத்தான் மூளையில இருக்கற ரத்த அடைப்பைக் கரைக்கற ஊசி போட முடியும்." உன் மகள் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டிக்குத் தெரியும் டாக்டர். எதிர் வூடுதான். டெய்லி பாப்பாங்க."

நேற்றா, முந்தாநாளா? ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டபோது பார்த்தேனா? எனக்குத் தெரியவில்லை யக்கா. நீ எத்தனை மணிக்கு வெந்நீர் வைப்பாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன், ஒரு காலத்தில். அன்று டாக்டரிடம் "தெரியல" என்றுதான் சொன்னேன். ஊசி போடவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உன் மகளும் அதையே சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது உன் வீட்டில் ஒரு சின்னப் பெண் குடியிருக்கிறாள். புருஷனுக்கு துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பாதி நாள் தனியாகத்தான் இருப்பாள். ரிப்பேர்க்காரர் போன அன்று சாயங்காலம் குச்சியை எடுத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன். "ராத்திரி நீ வச்சிக்கோம்மா. காலைல நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். மனசுக்குள் எல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "எங்களுது ஸ்மார்ட் டிவிக்கா. எல்லாம் உள்ளயே கீது."

குச்சியோடு திரும்பி வந்துவிட்டேன். அது மறுபடியும் பீரோவில்தான் இருக்கிறது. டிவியில் வட்டம் சுற்றுகிறது, எங்கள் வீட்டுக்காரர் தினமும் கத்துகிறார். கத்தட்டும்.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு அந்தக் கதவைத் தட்டினேன். தினமும் தட்டுகிறேன். இன்றைக்கும் அவள் பல் துலக்கிக்கொண்டே வந்து திறந்தாள்.

"இன்னாக்கா, எதுனா வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா. சொம்மா, கீறியான்னு பாக்க வந்தேன்."