மோஷன் என்றால் அசைவு

சேலம்,
ஈசுவர வருஷம் புரட்டாசி 9

சிரஞ்சீவி சின்னராஜுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயாவது பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவை வயிற்று வலி என்று இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாளாகிறது. எருமையை உன் தங்கை வசந்தாமணி பார்த்துக்கொள்கிறாள், கடலைக்காய் பிடுங்க ஆள் விடவில்லை, மழை வந்தால் காட்டிலேயே முளைத்துவிடும், முளைக்கட்டும் போ, எனக்கு அலுத்துவிட்டது.

டாக்டருக்குப் படிக்கப் போன நீ ஆடியில் எழுதினாயே சாமி, இங்கிலீஷ் வைத்தியச் சொல்லுக்கெல்லாம் லத்தீன்தான் வேர், எக்ஸ்கிரீஷன் என்றால் சல்லடையில் சலித்துத் தள்ளுவது, மோஷன் என்றால் அசைவது என்று. அதைச் சந்தையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிப் பீற்றிக்கொண்டவன் நான். இங்கே டாக்டர் வெளியூர்க்காரர், தமிழ் அரைகுறை. மோஷன் இருக்கா என்றார். எனக்கா தெரியாது? அவள் வலியில் புரண்டுகொண்டே கிடந்தாள், அதனால் நல்லா இருக்குதுங்க, விடிய விடிய இருக்குதுங்க என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் பேதி என்று நினைத்து வயிற்றைக் கட்டும் மருந்தாகக் கொடுத்தார், அவர்மேல் தப்பில்லை. அவளாவது சொல்லியிருக்கலாம், ஆண்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பாளா. நேற்று வார்டு கூட்டும் ஆராயி உப்பிய வயிற்றைப் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா வெளிக்குப் போயி எத்தன நாளாச்சுங்க என்று கேட்டாள். உன் அம்மா ஏழு விரலைக் காட்டினாள். ஐயோ, பாவி நான்.

குடல் அடைத்துக்கொண்டது, எனிமா கொடுக்க வேண்டும், கைவைத்துச் சோதிக்க வேண்டும், நாளை மறுநாளைக்குள் வழிவிடாவிட்டால் கத்திதான், அதிலும் உயிருக்கு உறுதியில்லை என்கிறார் டாக்டர். நர்ஸம்மா லீவு. ஆம்பளக் கை படறதுக்குச் செத்தே போறேன் என்று உன் அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். காலைப் பிடித்துக் கெஞ்சிவிட்டேன், பயனில்லை. தபாலுக்குப் பொறுக்காமல் இதை உன் மாமன் காளியண்ணனிடம் கொடுத்து ரயிலேற்றுகிறேன், அவனோடேயே கிளம்பி வா, கம்பளிச் சட்டையை மறக்காதே, இருமல் வரும். மாரியாத்தா உன்னை நூறு வயது வைத்திருக்கட்டும். அவள் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள், அதை அப்படியே எழுதுகிறேன். எம்பையன் வரட்டும், அவம் பீயும் மூத்தரமும் அள்ளி வளத்தவ நானு, அவங்கிட்ட எனக்கென்ன வெக்கம் என்றாள்.

இப்படிக்கு உன் அப்பா,
கந்தவேல்