மேய்ச்சலில் குடித்த பால்

ஜூன் 11, புஜ்
இன்றும் ஜடை பின்ன முடியவில்லை. விடுதியில் பக்கத்து அறைப் பெண்தான் பின்னிவிட்டாள். வலது கை தோளுக்கு மேல் போக மறுக்கிறது. சாயங்காலமானால் காய்ச்சல், வேர்வை. தோள் இறுகிவிட்டது என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று வயதில்! நவராத்திரிக்கு இந்தக் கையோடா கர்பா ஆடுவது?

ஜூன் 24
ஒட்டகங்களைத் தம்பியிடம் விட்டுவிட்டு அப்பா வந்திருந்தார். புது டாக்டர் நிருபாபென் படம் எடுத்துப் பார்த்தார். தோளெலும்பின் தலையில் ஓர் ஓட்டை. கிருமியாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாமாம்; துளி எலும்பை எடுத்துச் சோதிக்க வேண்டும். "பச்சைப் பால் குடிப்பீங்களா?"
"வீட்டுல நல்லாக் காய்ச்சித்தான் குடிப்போம்," என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன்.

ஜூன் 25
புற்றென்றால் கையையே— எழுத மாட்டேன்.

ஜூலை 2
சிரித்துச் சிரித்து இடது தோளும் வலிக்கிறது. புற்று இல்லை! ஏதோ கிருமி. எது என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு கூட வந்த லாகு அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா?
"படிச்ச பொண்ணுன்னு பேரு. லீவுக்கு வந்தா ஒட்டகத்து மடியை விட்டு நகர மாட்டா. உள்ளங்கையில பீச்சி நுரையோட குடிப்பா."
டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "காய்ச்சித்தான் குடிப்போம்னீங்களே, ஐயா?"
"வீட்டுலன்னுதானே சொன்னேன்," என்றார் அப்பா அமைதியாக. "இது மேய்ச்சல்ல குடிக்கிறது."
பொய்யே இல்லை. எங்களுக்கு அது பால் கணக்கில் வராது. போகிற வழியில் பறித்துத் தின்னும் இலந்தைப்பழம் மாதிரி. டாக்டர் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார்.

ஜூலை 6
ரத்தச் சோதனையும் ஒப்புக்கொண்டது. புருசெல்லா. கால்நடைகளிடமிருந்து வருவது, தோளில் வந்து உட்காருவது மிக அபூர்வமாம். எவ்வளவு படித்திருக்கிறேன், இந்தப் பெயர் எதிலும் கண்ணில் பட்டதில்லை. முதலில் ஊசி, கூடவே மூன்று மாதம் மாத்திரை.

ஜூலை 9
சிறுநீர் செம்மஞ்சள்! மாத்திரையால் அப்படித்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தும் குளியலறையில் தனியாக நின்று சிரித்தேன். மாத்திரையோடு பால் கூடாதாம். அண்ணி போனில்: "ஒட்டகம் உன்னைக் கேட்டுச்சுடி. கோவமான்னு."

ஆகஸ்ட் 20
காய்ச்சல் போயே போச்சு. கை காது வரை.

செப்டம்பர் 13
அப்பா மேய்ச்சலுக்குப் பாத்திரம் கொண்டுபோகிறார். மூன்று கல் வைத்துக் காய்ச்சுகிறாராம், ஒட்டகங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "அதுங்க பாத்தா வருத்தப்படும்."

அக்டோபர் 4
நேற்று கர்பா. தலைக்கு மேலே கை தட்டும் இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மாதக்கணக்காக மணிக்கட்டிலேயே கிடந்த வளையல்கள் சலசலவென்று முழங்கைக்கு இறங்கின.