கேமரா அணைந்த பிறகு

அம்மாவுக்கு லியோனிலிருந்து சொலேன் எழுதுவது. என் முட்டி தேறிவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி?

நேற்று பனிச்சறுக்கு நடனப் போட்டியில் சின்னதாக விழுந்தேன், பயப்படாதே. மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பாஸ்தியன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வருட நடன ஜோடி நாங்கள். கேமரா அணைந்ததும் கையை விட்டுவிடுவான். நேற்று விடவில்லை.

"கேமரா போயிடுச்சுடா, விடு."

"தெரியும். இந்த சீசனோட நான் ஆடறத நிறுத்தறேன், சொலேன்."

அப்போதும் கையை விடவில்லை. திட்டுவதா, அழுவதா என்றே தெரியவில்லை. தனியாக ஆடுகிற ஆட்டமா இது?

குளிர் அதிகம், கம்பளிக் காலுறை அனுப்பு. எப்போதும் அவனுக்கும் சேர்த்து இரண்டு ஜோடி பின்னுவாய். இந்த முறை ஒன்று போதுமோ என்னவோ. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

இரண்டாகவே பின்னிவிடு.

உன் சொலேன்